நாலு குழி மிஷினும் ஆறு தட்டும்

செஞ்சி
புதன்கிழமை

ஓசூரில் குடியிருக்கும் மகள் லூசிக்கு அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டில் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். பனமலையிலிருந்து வந்த என் அண்ணன் மதலைமுத்து. அவர் வீட்டுக்காரி சூசையம்மாள் அண்ணி. என் மகன் ஸ்டீபன். அவன் பெண்டாட்டி ரீட்டா. முட்டை கொடுக்க வந்து, கொடுத்த பிறகும் போகாமல் நின்ற பக்கத்து வீட்டு மெஹர் பானு. அப்புறம் பாக்கியம் என்கிற நான். ஆக ஆறு பேர். ஏழாவதாக யாராவது ‘நானும் இருந்தேன், கண்ணால் பார்த்தேன்’ என்று உன்னிடம் கதை சொன்னால் நம்பாதே. இதை நானே போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் காலும் கொம்பும் இடம் மாறும், ஆனால் நடந்தது நடந்தபடி இருக்கும், என் ஞாபகம் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. நீயும் மருமகப்பிள்ளை அலெக்சாண்டரும் பேத்தி அனுவும் சுகம்தானே? எனக்கு முழங்காலைத் தவிர குறையில்லை, மாதா காப்பாற்றுகிறாள். முறைக்குக் கேட்டாயிற்று, முறைக்குச் சொல்லியாயிற்று. இனி உன் மிஷினுக்கு வருகிறேன்.

அண்ணனுக்கு வருகிற திங்கட்கிழமை வேலூரில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். சாப்பாட்டில் ஒரு சொட்டு எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவதாக அண்ணன் போன் செய்தார். முப்பத்திரண்டு வருசமாக அவர் என் வீட்டில் ஒரு கவளம் சாப்பிட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். நல்லதுக்கு வந்தார், சாவுக்கு வந்தார், ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். இப்போது எழுபத்தாறு வயசு. இந்தத் தடவையும் வெறும் வயிற்றோடு என் வாசலைத் தாண்டிவிட்டால், வேலூரிலிருந்து என்ன சேதி வந்தாலும் எனக்கு அப்புறம் சோறு இறங்காது. அதற்குத்தான் உன்னிடம் யோசனை கேட்டேன். நீ யோசனை சொல்லவில்லை, பார்சல் அனுப்பினாய், எண்ணெயே இல்லாமல் கரண்டில் முட்டை வேகவைக்கிற மிஷின்.

முட்டைதான் போட வேண்டுமா, இட்லி போடக் கூடாதா என்று மருமகப்பிள்ளை கேட்டாராமே. அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஸ்டீபனுக்குக் கோயிலில் முதல் நற்கருணை, அதுதான் புதுநன்மை, கொடுத்த அன்று வாசலில் பந்தல் போட்டு பிரியாணி. பந்தல்காரன் கோதண்டராமன் ஓட்டைத் துணி கட்டினான், அதையும் நான் மறக்கவில்லை. நீ ரோஸ் கவுன் போட்டு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தாய். இலைக்கு ஒரு முட்டை என்று ஏற்பாடு. மூன்றாவது பந்தியில் முட்டை பற்றாமல் போய், பரிமாறினவர்கள் நூலால் அறுத்து ஆளுக்குப் பாதி வைத்தார்கள். அந்தப் பந்தியில்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் இலையைக்கூட மூடாமல் எழுந்து போய்விட்டார். பாதி முட்டை இலையில் கிடந்தது, மஞ்சள் கரு வானத்தைப் பார்த்தபடி. அந்த இலை எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், இடது பக்கம். சாயங்காலம் அழுதுகொண்டே உன் நைனாவைக் கேட்டேன், அண்ணன் ஏன் எழுந்து போனார் என்று. அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “பாதி முட்ட வெச்சா எவன்தான் குந்துவான்?” என்றார். தங்கை வீட்டு விசேஷத்தில் தாய்மாமனுக்குப் பாதி முட்டை! முட்டையால் எழுந்து போனவரை முழு முட்டை வைத்துத்தானே உட்காரவைக்க வேண்டும்? மருமகப்பிள்ளைக்கு இப்போது விளங்கியிருக்கும்.

மிஷின் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலே கண்ணாடி மாதிரி மூடி, உள்ளே நாலு குழி, இட்லித் தட்டு இளைத்துப்போனது போல. கூட வந்த அளவு டம்ளரைக் கையில் எடுத்தேன், அடியில் இருந்த ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. டம்ளருக்கு அடியில் எதற்கடி ஊசி என்று ரீட்டாவைக் கேட்டேன். படித்த பெண், மிஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “முழுசா அவிக்கறதா இருந்தா முட்டைல ஓட்ட போடறதுக்கு, அத்த. நாம ஒடச்சி ஊத்தறோம், நமக்குத் தேவப்படாது” என்றாள். தேவைப்படாத ஊசிக்கு நான்தான் அகப்பட்டேன். அடுத்த பக்கத்தைப் படித்தாள். முட்டையை ஊற்றும் முன் குழியில் எண்ணெய் தடவ வேண்டுமாம்! எண்ணெய் ஆகாதவருக்காக வாங்கின மிஷின் எண்ணெய் கேட்கிறது லூசி. கேட்டால் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று தடவாமலே விட்டோம்.

அண்ணனும் அண்ணியும் பூசை பார்த்துவிட்டு ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அண்ணனைச் சட்டைக்குள் தேட வேண்டியிருந்தது, அப்படி இளைத்திருந்தார். வழக்கம்போலச் சொம்பைப் பார்த்துக் கை நீட்டினார். “தண்ணி ஓடிப்போயிடாது, மொதல்ல குந்து” என்று உட்காரவைத்தேன். ஆறு தட்டு வைத்தாயிற்று. மெஹர் பானுவும் தனக்கு ஒரு தட்டைத் தானே எடுத்துக்கொண்டாள், முட்டை அவள் கோழி போட்டதாம். ரீட்டா என் காதில் வந்து, “அத்த, ஒரு வாட்டிக்கு நாலுதான் வரும்” என்றாள். சரி, முதல் நாலு வேகட்டும் என்றேன். மிஷின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, அப்புறம் ரிவர்ஸ் எடுக்கிற லாரி மாதிரிக் கத்தியது. அண்ணி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மூடியைத் திறந்தால் முட்டை குழியை விட்டு வரமாட்டேன் என்கிறது. ரீட்டா கரண்டிக் காம்பால் நெம்பி, சுரண்டி, ஒன்றை முழுசாக எடுத்தாள், மூன்றை முக்காலாக எடுத்தாள். முழுசை அண்ணன் தட்டில் வைத்தேன். மற்ற மூன்றும் அண்ணிக்கும் ஸ்டீபனுக்கும் மெஹர் பானுவுக்கும். அண்ணன் தட்டைப் பார்த்தார், காலியாக இருந்த ரெண்டு தட்டையும் பார்த்தார். “எல்லாருக்கும் வரட்டும், சேந்து சாப்புடலாம்” என்றார். எனக்கு நெஞ்சில் தைத்தது. மூன்றாவது பந்தியைத்தானே குத்திக்காட்டுகிறார்?

அவசரமாக அடுத்த ரெண்டை உடைத்து ஊற்றி மூடினோம். கரண்ட் போய்விட்டது. தட்டில் இருந்த நாலு முட்டையும் ஆறிக்கொண்டிருக்கிறது, குழியில் இருக்கிற ரெண்டும் வேகவுமில்லை, பச்சையாகவுமில்லை. மெஹர் பானுதான் முதலில் பேசினாள். “ஏங்க்கா, கேஸ்ல தண்ணி கொதிக்க வெச்சி ஒடச்சி ஊத்தனா ரெண்டு நிமிசம். இதுக்கு எதுக்கு மிஷினு?”

“எம் மக அனுப்பினது. அதுலதான் செய்வேன்” என்றேன்.

“ஒம் மக மிஷின் அனுப்புச்சி. கரண்ட்டு அனுப்பலியே.”

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்டீபன் வாயைத் திறந்தான். “இதுக்குப் போயி இன்னா டென்ஷன்? நாலு முட்ட இருக்குது, ஆறு பேரு இருக்கறோம். ரீட்டா, கத்திய எடு. ஆளுக்குப் பாதி வெச்சிடலாம்.”

லூசி, இவனை நான் பத்து மாசம் சுமந்தேன். அந்தப் புதுநன்மையே இவனுக்குத்தான் கொடுத்தது. அண்ணன் நாற்காலிக் கையைப் பிடித்து அசைந்தார். நான் ஓடிப்போய் ரெண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, ஏந்திரிக்காத! ஒன் தட்ட யாரும் தொட மாட்டாங்க!”

“நான் எங்க ஏந்திரிக்கறேன்? முதுகு பிடிச்சிக்கிச்சி, நவுந்து குந்தறேன்.”

“அன்னிக்கி ஏந்திரிச்சிப் போனியே. பாதி முட்ட வெச்சிட்டோம்னு.”

“இன்னா பாதி முட்ட?” என்று கேட்டார். நான் பந்தி, இலை, நூல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மோவாயைச் சொறிந்துகொண்டு யோசித்தார். “ஸ்டீபன் பூசைக்கா? அன்னிக்கி எங்க செவலப் பசு கன்னு போட முடியாம கெடக்குதுன்னு ஆளு வந்தானே. சோத்த அப்பிடியே போட்டுட்டு ஓடனேன். இலைல முட்ட இருந்துச்சா இல்லியான்னே எனக்குத் தெரியாது. மாப்ளகிட்ட சொல்லிட்டுதானே போனேன், பாக்கியத்துகிட்ட சொல்லிடுன்னு.”

“அப்ப இத்தினி வருசமா எங்க வூட்ல ஏன் சாப்புடல?”

“நீ எங்க போட்ட? வந்தா ஒரு சொம்பு தண்ணிய நீட்டிட்டு மூஞ்சத் திருப்பிக்குவ. சோத்துல பாதில எழுந்து போனதுக்குக் கோவமா இருக்கறன்னு நானும் தண்ணியக் குடிச்சிட்டுப் போயிடுவேன்.”

“ஒரு வாட்டி வாயத் தொறந்து கேளுங்கன்னு நான் தலப்பாடா அடிச்சிக்கினேன்” என்றார் அண்ணி. “அண்ணனும் தங்கச்சியும் ஒரே மண்ணு. ஒடைஞ்சாலும் ஒடையும், கேக்காது.”

மெஹர் பானு சிரித்த சிரிப்பில் புரையேறி, அண்ணனுக்கு வைத்திருந்த தண்ணீரை அவள்தான் குடித்தாள். அண்ணன் ஸ்பூனால் முட்டையைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் மென்றார். “செருப்பு மாதிரி இருக்குது பாக்கியம். நல்லாதான் இருக்குது. இன்னொண்ணு வையி” என்றார். ஸ்டீபன் தட்டில் இருந்ததை எடுத்து அவருக்கு வைத்தேன், அவன் செய்த வேலைக்கு அவன் பட்டினி கிடக்கட்டும். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுப் போய், கேஸில் தண்ணீர் கொதிக்கவைத்து, மெதுவாக ஆறு முட்டை உடைத்து ஊற்றினேன். மெஹர் பானு சொன்னதற்காக இல்லை, நானாகத்தான் யோசித்தேன். பூப்போல வெந்து வந்தது. ஆறு தட்டிலும் ஒரே நேரத்தில் ஆவி பறந்தது. அண்ணன் அதிலும் ஒன்று சாப்பிட்டு, மிளகுத்தூளை விரலால் வழித்து நக்கினார்.

இப்போது என் மனசில் ஒன்றும் இல்லை. உன் நைனா சொல்ல மறந்திருப்பார், பந்தி நேரத்தில் ஆயிரம் வேலை. பன்னிரண்டு வருசத்துக்கு முன் போய்ச்சேர்ந்த மனுசனோடு எனக்கென்ன வழக்கு? எல்லாரையும் மன்னித்துவிட்டேன், மெஹர் பானுவைக்கூட. மிஷின் எனக்கு வேண்டாம், திருப்பிப் பார்சல் போடச் சொல்லி ஸ்டீபனிடம் கொடுக்கிறேன். திங்கட்கிழமை காலையில் மாமாவை நினைத்து ஒரு அருள் நிறைந்த மரியே சொல், அனுவையும் சொல்லச் சொல். அவள் தூங்கும்போது நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மருமகப்பிள்ளைக்கு என் தோத்திரம். உங்கள் வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையாமல் இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: மிஷின் வராது. “ஆஸ்பத்திரில இருந்து வந்ததும் இதுலதான் செஞ்சி சாப்புடுவேன், லூசி பாப்பா வாங்கனது” என்று அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். எனக்கு வேறு ஒன்று அனுப்பு, ஆறு குழி உள்ளதாகப் பார். எல்லாரையும் மன்னித்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதில் ஒருத்தரை மட்டும் அடித்துவிடு. மறந்திருப்பார் என்று எழுதியதையும் அடித்துவிடு. மறந்தவருக்குப் பாதி முட்டை என்று உடனே எப்படி வாயில் வரும்? அண்ணன் வந்தால் ரெண்டு நாள் தங்குவார், கட்டிலை விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்குத்தான் உன் நைனா சேதியை மறைத்தார். இருபது வருசம் நான் அழுததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாரே! பதினாலாம் தேதி அவருக்கு வைத்திருக்கும் திதிப் பூசையை நான் நிறுத்தவில்லை. ஆண்டவர் மன்னிப்பதானால் மன்னிக்கட்டும், அது அவர் பாடு. நான் விடமாட்டேன். தாலி ஏறிய நாளிலிருந்து, ரேஷன் ஆபீசில் அதட்டிக் கேட்டபோதும், அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. இன்றைக்கு ஒரு எழுத்து குறையாமல் கையால் எழுதுகிறேன், பார்த்துக்கொள்: ஆரோக்கியசாமி.