டிலீட் சாரின் சிவப்புச் சீட்டு

இணையத்தில் எதையாவது ஏற்றுவதற்கு உலகம் முழுக்க ஆளுண்டு. இறக்குவதற்கென்றே பிறந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: டிலீட் சார்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் புனே தமிழர்களுக்காக நாங்கள் சிலர் கட்கியில் ஓர் அறை எடுத்து இணையதளம் நடத்தினோம். கதை, கட்டுரை, சமையல் குறிப்பு, யார் எதை அனுப்பினாலும் போடுவோம். 'இது என்னுடையது, எடுத்துவிடுங்கள்' என்று புகார்கள் வரத் தொடங்கியதும் சாரைப் பிடித்துப் போட்டோம். வெடிமருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். புகார் மின்னஞ்சலில் வந்தாலும் விசாரணை நேரில்தான். பஸ் ஏறிப் போய்விடுவார்.

ஏரவாடாவில் ஓர் அம்மாள், தன் வத்தக்குழம்புக் குறிப்பைப் பக்கத்து வீட்டுக்காரி திருடிப் போட்டுவிட்டதாக எழுதினார். சார் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"களவு இல்ல தம்பி. பக்கத்து வீட்டம்மா மராட்டிக்காரங்க போடுற கோடா மசாலாவைப் போடுது. அதை எவனும் வத்தக்குழம்புன்னு ஒத்துக்க மாட்டான்."

களவுதான் என்று உறுதியானால், பக்கத்தை எடுக்குமுன் அச்செடுத்து, சிவப்புச் சீட்டு கட்டி, அதில் காரணம் எழுதி, இரும்பு பீரோவில் பூட்டுவார்.

"ரிஜெக்ட் ஆனதைத் தூக்கி எறியக் கூடாது. ஃபாக்டரிப் பழக்கம்."

ஒருநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"லோக்கல் ரயில்ல செருப்பு தொலைஞ்ச கட்டுரை நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"ஸ்டெல்லா டீச்சர், அது அவங்க சர்ச் மலர்ல எழுதினதுங்கறாங்க."

"கொஞ்சம் பாதிப்பு இருக்கலாம்."

"தொலைச்சது அவங்க வீட்டுக்காரர். மிச்சம் இருக்கிற ஒத்தச் செருப்பை இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் சென்னை வாரப் பத்திரிகை ஒன்று என்னிடம் தொடர் கேட்டிருந்தது. அடுத்த வாரம் முடிவு சொல்வதாக இருந்தார்கள்.

"ஒரு வாரம் மட்டும் இருக்கட்டும் சார்."

"சிவப்புச் சீட்டு கட்டின குண்டை ஒரு வாரம் யூஸ் பண்ணிக்கறேன்னு யாராவது கேப்பாங்களா?"

எடுத்துவிட்டார். பத்திரிகைக்கு உண்மையைச் சொல்லி நான் கடிதம் எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழவும் இல்லை. தொடர் டீச்சருக்குப் போயிற்று. நான் சாருடன் பேசுவதை நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

தளத்தை மூடியபோது பீரோவைக் காலி செய்தது நான்தான். சார் அதற்குள் மகள் வீட்டோடு போய்விட்டிருந்தார். என் கட்டுரையும் உள்ளே இருந்தது. சிவப்புச் சீட்டில் அவர் கையெழுத்து: 'களவு. மூன்றாவது பத்தி மட்டும் தம்பியின் சொந்தச் சரக்கு. சிரித்தேன்.'

அன்றிலிருந்து நான் எழுதுவதெல்லாம் அந்த மூன்றாவது பத்தியைத்தான். சார் இதற்குச் சிரித்திருப்பாரா என்று ஒவ்வொரு முறையும் யோசித்தபடி.