ஒத்தவிரல் பாயும் ஒரு பக்கம் சாய்ந்த ஃபியட்டும்

பம்பாய் நகரம் மொத்தமும் கடல் பக்கமாக அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர் ஒத்தவிரல் பாய்தான். இது யாருக்கும் தெரியவில்லையே என்பதல்ல அவர் வருத்தம். தெரிந்தாலும் யாரும் முட்டுக் கொடுக்க மாட்டார்களே என்பதுதான்.

வடாலாவில் மோனோரயில் தலைக்கு மேலே ஓடும் ஒரு சந்தில், தகரக் கொட்டகையில், பழைய கார்களின் உடம்பைச் சீர் செய்வது அவர் தொழில். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் லாரி கிளீனர், ஹோட்டல் மேசை துடைப்பவன், மூட்டை தூக்குபவன் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு மழைக்கு அந்தக் கொட்டகையில் ஒதுங்கினேன்.

“வெல்டிங் தெரியுமாலே?” என்றார்.

“தெரியும்” என்றேன். பாதி தெரியும். படுக்க இடம் கிடைத்தது. மீதியை அங்கேயே கற்றேன்.

பாயின் சட்டைப் பையில் எப்போதும் தகரத் துண்டுகள் கிடக்கும். எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் மேசையை ஆட்டிப் பார்ப்பார். ஆடினால், குனிந்து காலுக்கு ஒரு துண்டு கொடுத்த பிறகுதான் டீ. மாட்டுங்காவில் ஒரு காப்பிக் கடையில் தன் மேசையை முடித்த கையோடு பக்கத்து மேசைக்கும் தவழ்ந்து போனார். அங்கே வடை தின்றுகொண்டிருந்த ஆள், தன் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தாடி முளைப்பதைப் பார்த்துப் போட்ட கூச்சலில் கல்லாவில் இருந்தவர் எழுந்தே விட்டார். அதற்குப் பிறகு பாய் படியேறினாலே உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: “ஆடாத மேசையா பாத்துப் போடுப்பா!”

வீட்டிலும் இதே கதை. அரைக் கிலோ கறி வாங்கப் போனால் இன்னொரு கையில் அரைக் கிலோ வெங்காயத்தோடுதான் திரும்புவார்.

“வெங்காயம் யார் கேட்டா?” என்பார் அவர் மனைவி.

“யாரும் கேக்கல. இந்தக் கை சும்மா இருந்துச்சுல்லா?”

அந்த வீட்டில் வெங்காயம் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் மாட்டுங்கா மாமி தன் பழைய ஃபியட்டைக் கொண்டு வந்து விட்டார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். வயது எழுபத்திரண்டு, வேகமும் அதற்குக் குறையாது. காருக்குள் மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரிந்தது.

“பாய், என் பையன் தீபாவளிக்கு அமெரிக்காலேர்ந்து வரான். வண்டி நன்னா ஓடினா நான் இங்கேயே இருந்துக்கலாமாம். ஓடலேன்னா அதைப் பங்கார்ல, பழைய இரும்புக்குப் போட்டுட்டு என்னைக் கையோட அழைச்சுண்டு போயிடுவானாம். வாக்குக் குடுத்துட்டேன்.”

“உங்களையும் பங்கார்ல போட்ட மாதிரிதான்” என்றார் பாய்.

“அதான் உங்ககிட்ட வந்திருக்கேன்.”

காரின் அடித்தளத்தை வெல்டிங் செய்ய, மல்லாந்து படுத்து அடியில் நுழைய வேண்டும். பொறி முகத்தில் விழும், கழுத்தில் விழும். பழகிவிடும். ஒருநாள் எனக்குக் காதுக்குள் விழுந்தது. பாய் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். காதில் எண்ணெய் விட்டார். வெகுநேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாம ஏம்லே அதுக்கு அடியில போகணும்? அத நம்ம பக்கம் திரும்பச் சொல்லு” என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் அந்தச் சுழல் சட்டம். கோழிக் கடையில் கம்பியில் கோழி சுற்றுமே, அதே கதைதான். கோழிக்குப் பதில் கார். தாராவி பங்கார் கடைகளில் கனத்த இரும்புக் குழாய் பொறுக்கினோம். முன்னால் ஒரு தூண், பின்னால் ஒரு தூண். இரண்டின் உச்சியிலும் பழைய லாரிச் சக்கரத்தின் பேரிங். எஞ்சின், சக்கரம், கதவு எல்லாம் கழற்றிய வெற்று உடம்பை இரண்டு தூண்களுக்கும் நடுவே முடுக்கினோம். ஏற்றி இறக்கிச் சரிபார்க்க, பிடிக்கும் தகடுகளில் நீளத் துளைகள் விட்டோம்.

கார் சுற்றியது. இருவர் தள்ளினால் சுற்றியது. எனக்கு அதுவே போதும். பாய்க்குப் போதவில்லை. ஒற்றை விரலால் தள்ளினால் சுற்ற வேண்டும். விரலை எடுத்தால், எந்தக் கோணத்தில் இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும்.

“தானா ஒரு பக்கம் திரும்புற வண்டி ஒருநாள் உன் தலையிலயும் திரும்பும்லே.”

சந்தே வேடிக்கை பார்க்க வந்தது. “பாய், முர்கி கப் தயார் ஹோகா?” என்று கோழி எப்போது வேகும் என்று கேட்காத ஆளில்லை. ஒரு மழையில், தலைகீழாகப் பூட்டி வைத்திருந்த காரின் கூரை ஒழுகல் தண்ணீரில் தொட்டியாக நிரம்பிவிட்டது. குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. பெண்கள் வாளியோடு வந்துவிட்டார்கள். பாய் ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஒரே பக்கமா நின்னு மொண்டா எப்படிம்மா? அந்தப் பக்கமும் நாலு பேர் போங்க!”

ஆனால் கார் மட்டும் ஒற்றை விரலுக்கு அடங்கவில்லை. துளைகளில் எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும், விரலை எடுத்ததும் டிரைவர் பக்கம் மெல்லக் கீழே இறங்கும். பாய் பம்பாயின் மேல் பழி போட்டார். ஊர் கடல் பக்கம் சாய்ந்தால் கார் என்ன செய்யும்? சட்டத்தைக் காரோடு சேர்த்து, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்தோம். இப்போது டிரைவர் பக்கம் கடலுக்கு எதிர்த் திசையில். அப்போதும் அதுவே இறங்கியது. பம்பாய் அன்று நிரபராதியானது.

“இடப்பக்கம் ஒரு கல்லக் கட்டிருவோம் பாய்” என்றேன்.

“வண்டி பொய் சொல்லுது. நீ அதுக்குச் சாட்சி சொல்லப் போறியா?”

தீபாவளி நெருங்கிவிட்டது. மாமி குடையோடு வந்தார். செம்பூரில் ஒரு கடைக்காரர் படுத்துக்கொண்டே தகடு ஒட்டி ஒரு வாரத்தில் தருகிறேன் என்றாராம்.

“நாளைக்கு எடுத்துண்டு போகட்டுமா பாய்? எனக்கு வேற வழியில்லே.”

பாய் சுத்தியலை எடுத்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டியை இடப்பக்கம் தட்டினார். டங் என்றது. டிரைவர் பக்கம் தட்டினார். தொத் என்றது. வெட்டித் திறந்தோம். உள்ளே துரு இல்லை, இரும்பும் இல்லை. சிமெண்ட். கெட்டியாக, கல்லாக, பெட்டி முழுக்க.

“எந்தக் கூறுகெட்ட மூதிலே இது? கார்லயா கட்டடம் கட்டுவான்? அவன் கையில கரண்டியத் தூக்கிக் குடுத்தது எவன்? அவன் மட்டும் இப்ப என் முன்னால வந்தான்னா...”

“நீங்கதான், பாய்” என்றார் மாமி.

பாய் மாமியை ஏறிட்டுப் பார்த்தார்.

“ஞாபகம் இல்லையா? ரொம்ப வருஷம் ஆச்சு. மழை கொட்டறது. எங்காத்து மாமாவை ஆஸ்பத்திரிலேர்ந்து சாயங்காலம் அழைச்சுண்டு வரணும். டாக்ஸி கிடையாது, ரயில் கிடையாது. பெட்டி துருப்பிடிச்சு உடைஞ்சு தொங்கறது. எங்கேயும் தகடு கிடைக்கலே. ‘ரெண்டு மாசம் தாங்கும், அப்புறம் கொண்டாங்க’ன்னேள். நான் கொண்டு வரலே. அதான் ஓடித்தே.”

பாய் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“அப்புறம் எட்டு வருஷம் மாமா என் பக்கத்துல உக்காந்துண்டு, ஓட்டத் தெரியலேன்னு திட்டிண்டே வந்தார். வண்டி நேராத்தான் போச்சு. அவர் போனதுக்கப்புறம்தான் வலது பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது. என் கைதான் தளர்ந்துடுத்துன்னு நினைச்சேன்.”

“இல்ல மாமி. உங்க கை சரியாத்தான் இருந்திருக்கு” என்றார் பாய்.

அன்றே சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். பாய் ஒற்றை விரலை வைத்தார். கார் திரும்பியது. விரலை எடுத்தார். நின்றது. அதற்குப் பிறகு நான் நின்றுகொண்டே, சட்டைப் பொத்தானைத் திறந்து விட்டுக்கொண்டு வெல்டிங் செய்தேன். தீபாவளிக்கு முன் வண்டி வெளியே வந்தது.

பையனும் வந்தான். நல்ல பையன்தான். அம்மா ஓட்டுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தான். மாமி ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி இத்தனை நாள் வலப்பக்கம் இழுத்த பழக்கத்தில், கை தானாக இடப்பக்கம் ஒடித்தே பிடித்தது. பாய் அதைப் பார்த்தார். உள்ளே ஓடிப்போய்ப் பெரிய டூல்ஸ் பெட்டியைத் தூக்கி வந்து, மாமிக்கு நேர் பின்னால் ஏறி, மடியில் வைத்துக்கொண்டார்.

“பெட்டி எதுக்கு பாய்? ரிப்பேர் ஒண்ணும் வராதே” என்றேன்.

பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என் காதோடு சொன்னார்: “பையன் நல்ல கனமா இருக்காம்லே. நான் ஒருத்தன் பத்த மாட்டேன்.”

ஒரு பக்கம் கனத்தால் டீ கூட இறங்காத மனிதர், அன்று தானே ஒரு பக்கத்துக் கனமாக உட்கார்ந்திருந்தார். ஃபியட் நூல் பிடித்தாற்போல் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளை நோக்கிப் போனது.