கொக்கு அண்ணன் வைத்த மேளம்

சும்மா இருக்கிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சும்மா இருக்க முடியாமல் திண்டாடிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் கொக்கு அண்ணன்தான்.

சின்ன காஞ்சிபுரத்தில் நான் வைத்திருக்கும் பூஜை சாமான் கடைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார், முழங்கால் வரை சேற்றோடு. திருமுக்கூடல் பக்கம் அவருக்குக் கொஞ்சம் பள்ள நிலம். அதில் தண்ணீர் நிற்கும், நெல் நிற்காது. மேட்டுப் பக்கமெல்லாம் சீமைக் கருவேல முள். "மண்ணைக் கொட்டி பிளாட்டு போட்டுடலாம்பா" என்று மகன் கோபால் தினமும் நச்சரிப்பான்.

அப்போதுதான் ஒரு கம்பெனி வந்தது. முள்ளை எடுத்துவிட்டு நிலத்தைப் பழையபடி நீர் நிற்க விடவேண்டும். பறவையும் மீனும் திரும்பி வந்தால், அதைப் பார்த்து 'கிரெடிட்' என்று ஒரு சான்றுப் பத்திரம் தருவார்களாம். அதைப் பெரிய பெரிய கம்பெனிகள் விலைக்கு வாங்க, வருஷா வருஷம் நிலத்துக்காரருக்கு வருமானமாம்.

"கொக்கு நின்னா காசாண்ணே?" என்றேன்.

"ஆமாம்பா. நான் ஒண்ணும் பண்ணாம இருக்கணும், அவ்ளோதான்."

"நல்ல வேலையாச்சே!"

"நீ இருந்து பாரு, தெரியும்! கோரை முளைக்குது, புடுங்கச் சொல்லி கை அரிக்குது. கையைப் பின்னாடி கட்டிக்கினுதான் நடக்கறேன்."

அதற்குப் பிறகு அந்த நிலம் அவருக்குக் கோயில் ஆகிவிட்டது. செருப்பை வரப்பிலேயே விட்டுவிடுவார். தீபாவளிக்குப் பிள்ளைகளிடம் கெஞ்சி வெடியை வாங்கிக்கொண்டு மத்தாப்பு கொடுத்தார். அண்ணி அங்கே தும்மினால்கூட முறைப்பு. "தாலி கட்டின எனக்கு இவ்ளோ மரியாதை குடுக்கலை இந்தாளு, கொக்குக்குக் குடுக்கறாரு" என்பார் அண்ணி.

பறவை வந்திருக்கிறதா என்று பார்வையிட கம்பெனி ஆள் வரும் நாளும் வந்தது. "இன்னிக்குத் தேறலைன்னா நாளைக்கு மண்ணு லாரி வந்துடும்பா, சொல்லிட்டேன்" என்றான் கோபால்.

அண்ணன் என் கடையில் மாலை, குங்குமம், கும்பத்துக்குச் சொம்பு எல்லாம் வாங்கினார். "பெரியவங்க வர்றாங்கோ. மரியாதை வேணாமா?" எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கூடவே போனேன்.

காரிலிருந்து சின்ன வயசுப் பெண் ஒருத்தி பைனாகுலரோடு இறங்கினாள். அண்ணன் கும்பத்தைத் தூக்கிக் கண்ணைக் காட்டினார். வரப்பில் நின்ற தவில்காரர் ஓங்கி ஒரு அடி!

அவ்வளவுதான். நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பிப் பாலாற்றைத் தாண்டிப் போய்விட்டன. நீந்திக்கொண்டிருந்தவை கோரைக்குள் புகுந்துகொண்டன.

"ஐயா, இப்போ நான் எதைப் பார்க்கறது?" என்றாள் அந்தப் பெண்.

அண்ணன் கும்பத்தோடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபால் லாரிக்காரனைக் கூப்பிட செல்போனை எடுத்தான். அண்ணி அதைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, "கொஞ்சம் இரும்மா கண்ணு. பொழுது சாய்ஞ்சா வீட்டுக்கு வராம அதுங்க எங்க போகும்?" என்றார். பெண் சிரித்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குத்தான் கொக்கு அண்ணன் நிஜமாகவே சும்மா இருந்தார். தவில்காரர் தவிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார், அது தானே அடித்துக்கொள்ளுமோ என்று பயந்தவர் மாதிரி.

கோரை அசைந்தது. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு ஒரு நாமக்கோழி நீந்தி வந்தது. எங்கள் வரதப் பெருமாளே அனுப்பிய ஆள்! "கோவிந்தா" என்று கத்த நான் வாய் திறக்க, அண்ணன் சேற்றுக் கையால் என் வாயைப் பொத்தினார். சேறு வாய்க்குள் போனது. துப்பக்கூட விடவில்லை.

பிறகு வானத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபால் அப்பா பக்கத்தில் வந்து குந்தி, "யப்பா, அதோ பாரு, உன் நத்தைகுத்தி நாரை" என்றான், ரகசியமாக.

லாரி வரவே இல்லை.

ஐப்பசி மழையில் எங்கள் தெருத் தண்ணீர் கடைக்குள் ஏறும்போது, தெருவே "போதும் வரதா" என்று கும்பிடும். நானும் வாயால் அப்படித்தான் சொல்கிறேன். மனசுக்குள் மட்டும், "அண்ணன் நிலத்துக்கு இன்னும் கொஞ்சம் பெய்யட்டும், பெருமாளே."