குளிரறைக்குள் நான் பேசிய விலை

யாரும் அடிக்காமல், மிரட்டாமல் நான் முழு உண்மையையும் கக்கியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஓர் இரும்பு அலுமாரிக்கு முன்னால் நின்று.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கணவர் ரியாஸ் கட்டாரிலிருந்து சேமிப்போடு ஊருக்கு வந்திருந்தார். கண்டக்குழியில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் லொட்ஜுக்குள் காலை வைத்ததும் தண்ணீர் கேட்பதில்லை, இன்டர்நெட் கேட்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஆறு லொட்ஜ்களின் கூரையில் அன்டெனா பூட்டினோம். இனி கொழும்பிலுள்ள ஒரு பெரிய கம்பனியிடம் இன்டர்நெட்டை மொத்தமாக வாங்கி, நாங்கள் சில்லறையாகக் கொடுக்க வேண்டும். அதற்கு எங்களுடைய இன்டர்நெட் இயந்திரப் பெட்டிகளை மாம்புரிப் பக்கம் தென்னந்தோட்டத்துக்குள் நிற்கும் அவர்களுடைய கோபுரத்தின் அறையில் வாடகைக்கு வைக்க வேண்டும். அந்த அறையில் வரிசையாகக் கதவில்லாத இரும்பு அலுமாரிகள் இருக்கும். எங்களுக்குத் தேவை அரை அலுமாரி.

விலை பேசும் பொறுப்பு என்னுடையது. கற்பிட்டிச் சந்தையில் நான் கருவாடு வாங்க நின்றால் வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.)

ஆனால் கருவாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. பக்கத்துக் கடையில் கேட்கலாம். இந்த வியாபாரத்தில் அதெல்லாம் கிடையாது. எவ்வளவு வேகம் வேண்டும், எத்தனை வருட ஒப்பந்தம், அலுமாரியில் எத்தனை தட்டு, பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கடைசியில் உங்களைப் பார்த்து ஒரு தொகை சொல்வார்கள். மற்றவன் என்ன கொடுக்கிறான் என்று கேட்டால் இரகசியம். நீங்கள் கொடுப்பதை வெளியில் சொன்னால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும்.

விற்பனைக்குப் பொறுப்பாக இருந்தவர் திலீபன் என்ற மிக மரியாதையான ஆள். மாதம் மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்றார். நான் போனில் சிரித்தேன்.

"ரெண்டரைக்கு மேல ஒரு சதம் இல்ல. வேற கம்பனி ரெண்டு நாப்பதுக்குத் தாறதா கடிதமே தந்திருக்கு."

"அப்படியா மேடம்? அந்தக் கடிதத்த ஒருக்கா அனுப்ப ஏலுமா?"

"அனுப்பலாம். தேடிப் பாக்கணும்."

கடிதமாவது ஒன்றாவது. அந்த மற்றக் கம்பனி மூன்று கிழமையாக எங்கள் போனையே எடுக்கவில்லை. குசினிக்குள், அடுப்படியில் வைத்து நானும் ரியாசும் கடைசி எல்லை மூன்று லட்சத்துப் பத்தாயிரம் என்று முடிவு செய்திருந்தோம். அதற்கு மேலே போனால் கட்டார்ச் சேமிப்பு வெள்ளைக்காரர்கள் வரும் அந்தக் காற்றுக்காலத்தோடு கரைந்துவிடும். உம்மாவுக்குக்கூட அந்தத் தொகையை நாங்கள் சொல்லவில்லை.

"நீங்க போய் அறையப் பாத்திட்டு வாங்க மேடம். அதுக்குப் பிறகு கதைப்பம்" என்றார் திலீபன்.

போனேன். உச்சி வெயில். கடல்காற்று தென்னைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பிகள் நீட்டமாக ஒரே சுருதியில் ஊதின. யாரோ வாயை மூடிக்கொண்டு அழுவதைப் போன்ற சத்தம். அறை என்றது உண்மையில் சன்னல் இல்லாத ஒரு வெள்ளைத் தகரப் பெட்டி.

காவலுக்கு ஹமீது காக்கா என்ற முதியவர் இருந்தார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். கொப்பியில் "கண்டக்குழி மேடம், 12.20" என்று எழுதிக்கொண்டார். அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டு ஒரு அடி பின்னுக்குப் போய் நின்றார்.

"நீங்க வரல்லையா காக்கா?"

"நான் வாசலோட நிக்கிறது மகள். உள்ளுக்க ஒரு பொம்புள கதைக்கிறா."

"யாரு?"

"ஆளில்லாத நேரத்திலதான் கதைக்கிறா. பாத்திருந்தா சொல்லுவனே." தொப்பியைச் சரி செய்துகொண்டார். "நான் லுஹர் தொழுதுட்டு ஓடி வாறன்."

நான் படித்த பிள்ளை. சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். எனக்குப் பின்னால் கதவு தானாக வந்து மூடி, 'டக்' என்று கடித்துக்கொண்டது.

வெளியே தோல் எரிகிற வெயில், உள்ளே மையித்து கிடத்தும் பிணவறைக் குளிர். அலுமாரிகளில் பாதி வெறுமை. முன்பு வாடகைக்கு இருந்தவர்களின் பெயர்ச்சீட்டுகளைக் கிழித்த அடையாளம் மட்டும் ஒட்டியிருந்தது. மற்றவற்றில் பச்சையும் செம்மஞ்சளுமாகச் சின்னச் சின்ன வெளிச்சங்கள் கண்ணை மூடித் திறந்தன. போனை எடுத்துப் பார்த்தேன். அத்தனை பெரிய கோபுரத்தின் காலடியில் ஒரு புள்ளி சிக்னல் இல்லை.

அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒரு அலுமாரிக்கு முன்னால் அசையாமல் நின்று கணக்குப் பார்த்தேன். திடீரென்று லைட் அணைந்தது. அதோடு ஏசியும் நின்றது. அந்த அமைதிக்குள், என் காதுக்கு மிகப் பக்கத்தில், சுகமில்லாமல் படுத்திருக்கும் ஒருவர் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதுபோல:

"ஃபர்ஹானா."

"ஓம்" என்றேன். (பழக்கதோஷம்.)

பிறகுதான் விளங்கியது. துள்ளினேன். லைட் எரிந்தது. ஒருவருமில்லை. கதவை இழுத்தேன். அசையவில்லை. கைப்பிடியோடு தொங்கினேன். அதற்கும் அசையவில்லை.

மற்ற மூலையிலிருந்த ஏசி, மூச்சை உள்ளே இழுப்பதுபோல இழுத்து ஓடத் தொடங்கியது. அந்தக் காற்றோடு,

"எவ்வளவு?"

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. புத்தியுள்ளவள் கத்தியிருப்பாள். நான் சந்தைக்காரி. எவ்வளவு என்று கேட்டால் என் வாய் சும்மா இருக்காது.

"ரெண்டரை" என்றேன்.

நான் அசைய மறந்து நிற்க, லைட் மறுபடி அணைந்தது.

"எவ்வளவு?"

"ரெண்டு எழுபது!"

இருட்டுக்குள் அந்தப் பச்சை வெளிச்சங்கள் மட்டும். அவை கண்களைப்போல இரண்டிரண்டாக இருந்தன என்று சத்தியம் பண்ணுவேன்.

"எவ்வளவு?"

"ரெண்டு தொண்ணூறு. அதுக்கு மேல எங்களுக்குக் கட்டாது, அல்லாஹ் மேல ஆணை!"

ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன். குழந்தையிலிருந்து ஓதுவது, பாதியில் மறந்துபோனது. திரும்ப முதலிலிருந்து. திரும்ப அதே இடத்தில் மறந்தது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. கைவிரல்கள் மரத்துவிட்டன. கதவின் அடியில் குந்தி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டேன்.

அப்போது மேலே கரகரவென்று ஒரு சத்தம். இம்முறை குரல் அறை முழுக்க இடித்தது. வேறொரு பெண், கோபமாக, விட்டு விட்டு:

"பச்சை... பொ... பச்சை... பொ..."

மீதியை அவள் சொல்லத் தேவையில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

"ஓம்! பச்சைப் பொய்தான்!" என்று அலறினேன். "கடிதம் இல்ல! ஒரு கம்பனியும் விலை தரல்ல! போனையே எடுக்கிறாங்க இல்ல! திலீபனுக்குப் பொய் சொன்னேன்! நாங்க மூண்டு லட்சத்துப் பத்தாயிரம் வரைக்கும் தருவோம், குசினிக்குள்ள வெச்சு முடிவெடுத்தது, உம்மாவுக்கும் தெரியாது! என்ன விட்டுடுங்க!"

மேலே கரகரப்பு அடங்கியது. பிறகு அந்தக் குரல், சிங்களம் கலந்த தமிழில், தெளிவாக, மிகவும் தயக்கத்தோடு:

"மேடம்... கதவுக்குப் பக்கத்தில பச்சைப் பொத்தான் இருக்கு. அத அமத்துங்க. கதவு தொறக்கும்."

இருந்தது. என் தலைக்கு ஒரு சாண் மேலே, தேசிக்காய் அளவில். அமத்தினேன். வெயிலோடு சேர்ந்து ஹமீது காக்காவின் மேல் போய் விழுந்தேன். தொழுதுவிட்டு வந்தவர் உள்ளே யாரோ அழும் சத்தம் கேட்டு, கதவைத் திறக்கப் பயந்து, கொழும்பிலிருந்து இந்த அறைகளைக் கண்காணிக்கும் பிரிவுக்குப் போன் அடித்திருக்கிறார். அங்கிருந்த பெண் கூரை ஸ்பீக்கர் வழியாக எனக்கு வழி சொல்லியிருக்கிறார்.

"கேட்டதா மகள், பொம்புளட குரல்?" என்றார் காக்கா, ஒரு வெற்றியோடு. நான் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

மறுநாள் திலீபனிடமிருந்து மின்னஞ்சல். நடந்த அசௌகரியத்துக்கு மனமார்ந்த மன்னிப்பு. கண்காணிப்புப் பிரிவின் உரையாடல்கள் எல்லாம் பதிவு செய்யப்படுவது வழக்கம், அந்த அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. கீழே, வேறு எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல, எங்களுக்கான விசேட விலை: மாதம் மூன்று லட்சத்துப் பத்தாயிரம். மூன்று வருட ஒப்பந்தம்.

மூன்று லட்சம் என்றிருந்தால் தற்செயல் என்று மனதைத் தேற்றியிருப்பேன். அந்தப் பத்தாயிரம்தான் என்னைக் கொன்றது.

ரியாஸ் அறிக்கையை ஒரு தடவை வாசித்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தார். ஏசவில்லை. "நீ ரெண்டு நாப்பதுக்கு முடிச்சிட்டு வருவாய் என்டு நெனச்சேன்" என்றார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம். லொட்ஜ்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, காற்றுக்காலம் இரண்டு கிழமையில் தொடங்குகிறது. வேறு வழியில்லாமல் கையெழுத்து வைத்தோம். முதல் வருடம் எங்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. என்னுடைய இரண்டு வளையல்கள் வங்கியில் தூங்கின. இரண்டாம் வருடம் மாம்புரிக் கடைகளும் ஒரு இறால் பண்ணையும் எங்களிடம் இணைப்பு எடுத்தன. வளையல்கள் வீட்டுக்கு வந்தன. இன்றைக்கு அந்த அறையில் எங்களுக்கு ஒரு முழு அலுமாரி இருக்கிறது.

இந்தக் கதையை வீட்டில் ஒரு கலியாணம், ஒரு பெருநாள் விடாமல் சொல்லிச் சிரிப்பார்கள். மச்சான்மார் மேசையில் தட்டிக்கொண்டு "பச்சை... பொ..." என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் ரியாஸ் கடைசியாகக் கேட்கும் கேள்விக்கு மட்டும் யாரும் நெடுநேரம் சிரிப்பதில்லை.

அந்த அறிக்கையில் கொழும்புப் பெண் ஸ்பீக்கரைத் திறந்த நேரம் 12.51 என்று இருக்கிறது. அன்றைக்கு அதற்கு முன் அதை யாரும் திறக்கவில்லை என்றும் இருக்கிறது. என் பெயர் எந்த இடத்திலும் இல்லை. "ஒரு பெண் வாடிக்கையாளர்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

"அது சரி ஃபர்ஹானா," என்பார் ரியாஸ், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "முதல் அரை மணித்தியாலம் நீ யாரோட விலை பேசினாய்?"