முகத்துக்கு எண்பதாம் நம்பர்

என் முகத்தை வழவழப்பாக்கியே தீருவது என்று புதன்கிழமை சாயங்காலம் சபதம் எடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. சாட்சி, என் மனைவியின் கண்ணாடி ஜாடி.

காரணம் இல்லாமல் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மரச்சாமான் கடையின் பட்டறையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற தச்சன் நான். முட்டி ரெண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி கத்துகிறது. அன்றைக்கு முதலாளி சொன்னார்: "கடை முன்னாடி உட்கார்ந்து வர்றவங்ககிட்ட பேச ஒரு ஆள் வேணும். நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு. ஆனா பாக்க லட்சணமா இருக்கணும். நீயா, சுருட்டையான்னு நாளைக்குக் காலைல சொல்றேன்." சுருட்டை என் பட்டறைக் கூட்டாளி. முடிதான் சுருட்டை, கன்னம் பாலிஷ் போட்ட தேக்கு. எனக்கோ சீவாத பலகை.

மனைவி ஓட்ஸைப் பொடித்து, தேன் விட்டுக் குழைத்து, அந்த ஜாடியில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை முகத்தில் தேய்ப்பாள். கேட்டு வாங்கலாமே என்பீர்கள். எந்த மூஞ்சியோடு கேட்பது? "கஞ்சி வயித்துக்குடி, மூஞ்சிக்கு இல்ல" என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் விழுந்து விழுந்து சிரித்திருந்தேன். ஆகவே திருட்டு.

செய்முறை தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவள் பாடம் எடுத்ததைக் கேட்டிருக்கிறேன். "விரல் நுனியால மெதுவா, அழுத்தாம, ஒரே நிமிஷம். கழுவிட்டு ஒத்தி எடுக்கணும்."

தச்சனிடமா இந்தக் கதை? பலகையை விரல் நுனியால் தடவினால் வழவழப்பாகுமா? முதலில் எண்பதாம் நம்பர் உப்புத்தாள், நல்ல சொரசொரப்பு. அப்புறம்தான் நைசு. சமையலறையில் ஒரு கை சர்க்கரையை அள்ளிவந்து ஓட்ஸில் கொட்டினேன். அதுதான் என் எண்பதாம் நம்பர். நெற்றியில் ஆரம்பித்து, கட்டைவிரலை ஊன்றி, பத்து நிமிஷம் தேய்த்தேன்.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, உள்ள இழைப்புளி போடற சத்தம் கேக்குது?"

"பல்லு விளக்கறேன்."

"சாயங்காலம் ஆறு மணிக்கா?"

"சுத்தம் சோறு போடும்டி!"

கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஐயோ! பழுத்த தக்காளிக்கு மீசை வைத்தது போல ஒருத்தன் என்னை முறைத்தான். எரிச்சல் காது வரைக்கும். நாற்காலி போச்சு. ஃபேன் போச்சு. சுருட்டை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது கண்முன் தெரிந்தது. பொய் சொல்வானேன், அழுகையே வந்துவிட்டது.

தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"பல்லு விளக்கினவர் நெத்தியை எதுக்கு மூடிக்கிட்டு வர்றீங்க? எடுங்க துண்டை."

எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சர்க்கரை போட்டீங்களா?"

"உனக்கெப்படி தெரியும்?"

"காதுல எறும்பு ஊருது."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நாளைக்குள்ள சரியாயிடுமாடி? நாற்காலிடி!"

"இருங்க, மருந்துக்கடைப் பொண்ணைக் கேட்டுட்டு வரேன்." பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலை மருந்துக்கடையில். ரெண்டே நிமிஷத்தில் மனைவி முகம் சுருங்கத் திரும்பி வந்தாள்.

"கொஞ்சம் கஷ்டந்தானாம்."

"எதுவானாலும் சொல்லு, செய்றேன்."

"ரத்தம் மூஞ்சிலயே தேங்கிடுச்சாம். உட்காரக் கூடாதாம், படுக்கக் கூடாதாம். அண்ணாந்து பாத்துக்கிட்டு, ரெண்டு கையையும் தலைக்கு மேல அசைச்சுக்கிட்டே நிக்கணுமாம். ரெண்டு மணி நேரம்."

"சும்மா கையை ஆட்டினா பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?"

"அதானே! கைல திருப்புளி வேணா வச்சுக்கோங்க. அண்ணாந்தா நம்ம பரண் கதவுதான் தெரியும். அதுவும் மூணு வருஷமா தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு."

ஸ்டூலில் ஏறி நின்றேன். முட்டி கெஞ்சியது. அவள் நடுநடுவே ஈரத்துணியை முகத்தில் மெதுவாக ஒத்தினாள். ஒரு மணி நேரத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது.

"இறங்கட்டுமா?"

"ஐயையோ, இன்னும் ரெண்டு கீல் இருக்கு! அதாவது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

காலையில் கண்ணாடியைப் பார்த்தேன். அப்பாடா! என் பழைய மூஞ்சி. கொள்ளைபோன நகை திரும்பக் கிடைத்தது போல அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடையில் முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுருட்டைக்குப் பொறுமை பத்தாது. நீயே உட்காருய்யா" என்றார். உட்கார்ந்தேன். முட்டி ரெண்டும் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடின. பெண்டாட்டி சொல் மிக்க மந்திரமில்லை என்று அங்கேயே மனசாரச் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வாசலில் மருந்துக்கடைப் பெண் எதிரே வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நீ சொன்ன வைத்தியம்தாம்மா என்னைக் காப்பாத்துச்சு!"

"வைத்தியமா? ஒண்ணும் பண்ணாதீங்க, சும்மா விட்டா ஒரு மணி நேரத்துல தானா அடங்கிடும்னுதானே அண்ணே சொன்னேன்?"

கும்பிட்ட கையைக் கீழே இறக்கினேன். அவள் பாட்டுக்குத் தொடர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மறுபடி மூஞ்சி தேய்க்கப் போறீங்களாமே, அண்ணி சொன்னாங்க. எங்க வீட்டுலயும் பரண் கதவு தொங்குதுண்ணே."