சைரன் சாரின் பாதுகாப்பு ஒத்திகை

வெளிநாடு போய்த் திரும்பும்வரை தன் குடும்பத்தில் ஓர் ஊக்கு கூடத் தொலையக் கூடாது என்று சைரன் சார் முடிவெடுத்தபோது மணி காலை ஆறு. ஆறரைக்கெல்லாம் விதிகளை எழுதி முடித்துவிட்டார். மொத்தம் நாற்பத்திரண்டு.

சைரன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் சைரனை அலறவிட்டு, எண்ணூறு பேரையும் மைதானத்துக்கு ஓடவைத்து, கடைசியாக வருகிறவரை நிறுத்தி ஏன் தாமதம் என்று கேட்பார். பெரும்பாலும் கடைசியாக வருகிறவர் முதலாளி. அவரையும் விடமாட்டார். இருபது வருஷத்தில் அங்கே ஒருதடவைகூடத் தீப்பிடித்ததில்லை. அது தன்னால்தான் என்பது அவர் கட்சி. தீக்கே அவரைப் பார்த்தால் பயம் என்பது தொழிலாளிகள் கட்சி.

அவர் மனைவிக்கு பஸ் டிப்போவில் வேலை. பயணிகள் மறந்து விட்டுப்போகிற சாமான்களை வாங்கிவைத்து, தேடி வருகிறவர்களிடம் விசாரித்து ஒப்படைக்கிற அறை பதினெட்டு வருஷமாக அவள் பொறுப்பில் இருக்கிறது. குடை வரும், டிபன் பாக்ஸ் வரும், பல் செட் வரும். ஒருதடவை தையல் மெஷினே வந்தது. மனிதர்கள் எதை எங்கே ஒளிப்பார்கள், ஒளித்துவிட்டு எப்படி முழிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்தப் பதினெட்டு வருஷ அனுபவத்தை சைரன் சார் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பாவம், ஆண்பிள்ளை.

வெளிநாட்டில் படிக்கப்போன மகள் அங்கேயே வேலையில் சேர்ந்து, மூன்று வருஷம் கழித்து இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு நாள். அதில் ஒரே ஒரு நாள் அம்மாவும் மகளும் மட்டும் தனியாக ஊர் சுற்றுவது என்று போனிலேயே பேசிவைத்திருந்தார்கள். அந்த ஒரு நாளுக்காக மனைவி ஏங்கிக் கிடந்தாள். மூன்று வருஷத்துப் பேச்சு நெஞ்சுக்குள் தேங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு அவசர வழி எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு வெளியே வருமா?

விதி பதினேழு அந்த ஒரு நாளின் தலையில்தான் கல்லைப் போட்டது.

"குடும்பத் தலைவர் துணை இல்லாமல் யாரும் எங்கும் செல்லக் கூடாது" என்று சைரன் சார் வாசித்தார்.

"யாரு குடும்பத் தலைவர்?"

"இதென்ன கேள்வி?"

"எழுதலையே. எழுதாதது செல்லாதுன்னு விதி ஒண்ணுல நீங்கதானே போட்டிருக்கீங்க."

அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் 'நான்' என்று எழுதினார்.

"ஒரு நாள்தானேங்க. நான் பெத்த பொண்ணு, என்னைத் தொலைச்சிடுவாளா?"

"அவ தொலைக்க மாட்டா, நீயா தொலைஞ்சு போவே. புது ஊரு. ஒருத்தன் உன் பின்னாலேயே வந்தா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவே? கை கால் உதறும், வாய் குழறும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"அப்போ ஒரு பரீட்சை வெச்சுப் பாருங்களேன்" என்றாள் அவள், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

பரீட்சை என்றதும் சைரன் சாரின் முகம் பூரித்துவிட்டது. ஒத்திகை என்றால் அவருக்கு உயிர். அங்கேயே ஒப்பந்தம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை, பெரிய மால், ஒரு மணி நேரம். அவள் தனியாகச் சுற்ற வேண்டும். எங்கேயோ எப்போதோ ஓர் ஆபத்து வரும். விதிப்படி சமாளித்தால் அந்த ஒரு நாள் அவளுக்கு. கோட்டைவிட்டால் பன்னிரண்டு நாளும் அவள் அவர் பின்னாலேயே போக வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் போட்ட வேகத்தைப் பார்த்து அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆபத்து யார் என்று கேட்கிறீர்களா? அவரேதான். மாறுவேஷத்தில் பின்தொடர்ந்து, கூட்டத்தில் அவள் கைப்பையை லபக்கென்று பிடுங்குவதாகத் திட்டம். அதோடு தன்னுடைய பயண உடையையும் சோதித்துவிட நினைத்தார். எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சொல்லி, பேண்டுக்கு உட்பக்கம், தொடைக்குக் கீழே, நாலு ரகசியப் பை தைத்து வைத்திருந்தார். அடையாள அட்டை ஒன்றில், பணம் ஒன்றில், டாக்டர் சீட்டு ஒன்றில். நாலாவதில் அந்த வாரத்து ரகசியச் சொல். "நான் மாட்டிக்கிட்டேன், காப்பாத்து" என்று எவன் போன் பண்ணினாலும் ரகசியச் சொல் சொல்லாமல் நம்பக் கூடாது என்பது விதி ஒன்பது. ஒவ்வொரு வாரமும் சொல் மாறும். ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாமல்தான் எழுதி உள்ளே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலில் திருவிழாக் கூட்டம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை ஏற்றிவிட்ட மப்ளர் என்று சைரன் சார் தூணுக்குத் தூண் தாவினார். மனைவி ஒரு கடையில் பாத்திரம் பார்த்தாள். அவர் பக்கத்துக் கடையில் குழந்தைகள் ஜட்டியைப் புரட்டினார். அவள் எஸ்கலேட்டரில் ஏறினாள். அவர் எட்டுப் படி விட்டு ஏறினார். அவள் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. 'சுத்தமா விழிப்புணர்வே இல்ல' என்று மனசுக்குள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே போனார்.

மேலே கூட்டத்தில் அவர் நெருங்கியபோது கைப்பை அவள் தோளில் அலட்சியமாகத் தொங்கியது. அவர் கை நீட்டினார். அவர் தோளில் யாரோ கை வைத்தார்கள்.

திரும்பினால் மாலின் காவலாளி. ஆறடி உயரப் பெண்மணி, விறைப்பான யூனிஃபார்ம்.

"கொஞ்சம் ஆபீஸ் ரூம் வரைக்கும் வாங்க."

கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு நோட்டு. சைரன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் யாரு தெரியுமா? பாதுகாப்பு அதிகாரி."

"அடையாள அட்டை காட்டுங்க."

"இருக்கு. ஆனா இங்கே எடுக்க முடியாது."

"ஏன்?"

"பேண்டைக் கழட்டணும்."

காவலாளி ரெண்டடி பின்வாங்கி, வாக்கிடாக்கியில் இன்னொருவரை வரச்சொன்னாள். சைரன் சாருக்கு முதல்முறையாக வியர்த்தது.

"என் சம்சாரம் இங்கேதான் இருக்கா. ஒரு போன் பண்ணிக்கிறேன்."

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"நான்தான் பேசறேன். என்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. உடனே வா."

"ரகசியச் சொல்?"

"விளையாடாதே. குரல் தெரியலையா?"

"குரலை மிமிக்ரி பண்ணுவாங்க, ஏமாறக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். ரகசியச் சொல்?"

"அது பேண்டுக்குள்ளே இருக்கும்மா."

"கண்டவங்க கண்டபடி பேசினா போனை வெச்சிடணும்னும் சொல்லியிருக்கார்" என்று அவள் வைத்துவிட்டாள்.

எண்ணூறு பேரை ஒரே பட்டனில் ஓடவைத்தவர், அந்த நாற்காலியில் பதினைந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. மனைவி வந்தாள், கையில் ஒரு புது வாணலி. சிரிப்பை அடக்கி அடக்கி அவள் கன்னம் சிவந்திருந்தது.

"அம்மா, நீங்க புகார் குடுத்த ஆள் இவர்தானா?" என்றாள் காவலாளி.

சைரன் சார் மனைவியைப் பார்த்தார்.

"புகாரா? நீயா?"

"ஒருத்தர் அரைமணி நேரமா என் பின்னாலேயே வந்தார். விதி நாலு என்னங்க? பயப்படாதே, கத்தாதே, பக்கத்துல யூனிஃபார்ம் போட்டவங்க யாரோ அவங்ககிட்டே போய்ச் சொல்லு. அவர் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்ச நேரத்துல சொன்னேன்."

"நான்தான்னு தெரியாதா?"

"மாறுவேஷம் போட்டவர் காலுக்குப் போட மறந்துட்டீங்களே. பிஸ்கட் கம்பெனி இரும்பு பூட்ஸ், எஸ்கலேட்டர்ல டங்கு டங்குன்னு வந்துச்சு."

காவலாளி நோட்டை நீட்டினாள். அடையாளம் சொல்லி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மனைவி நின்ற நிலையில், யோசிக்காமல், உயரம், நிறம், இடது காதோரத் தழும்புவரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டிப்போவில் தினம் மற்றவர்களிடம் வாங்குகிற கையெழுத்து. இன்றைக்குத்தான் அவள் போடுகிறாள்.

வெளிக்காற்று பட்டதும் சைரன் சாருக்கு உயிர் வந்தது. பஸ் நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் தெம்பும் வந்துவிட்டது. தோற்றது யார்? அவர் எழுதிய விதிதானே ஜெயித்தது. உள்ளபடியே அவருக்கு மனைவியை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"பாஸ். அந்த ஒரு நாள் உனக்குத்தான்" என்றார் தாராளமாக. "நீயும் பொண்ணும் போய்ட்டு வாங்க. நான் குறுக்கே வரமாட்டேன். சும்மா ஒரு பாதுகாப்புக்கு, கண்ணுல படாம, ஐம்பதடி தள்ளிப் பின்னாலேயே வர்றேன்."

மனைவி வாணலியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தாராளமா வாங்க. அந்த ஊர்லயும் யூனிஃபார்ம் போட்டவங்க இருப்பாங்க."