வசந்தத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்

பின்லாந்தில் ஏப்ரல் மாதத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு மனிதர், ஓரமாகக் குவிந்து கிடக்கும் பனியை வாரி வாரி, பனி உருகிப்போன இடத்தில் இறைத்துக்கொண்டிருப்பார். மூளை கலங்கியவர் என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலம் முழுக்க முதுகு ஒடிய அள்ளி ஒதுக்கிய அதே பனியைத்தான் இப்போது நெல் காயப்போடுவதுபோல வெயிலில் பரப்புகிறார். சீக்கிரம் உருகுமாம். இவர்தான் வசந்தத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறவர். அது தானாக வரும் என்று சொல்கிறவர்களெல்லாம் சோம்பேறிகள் என்பது இவர் கட்சி.

ஐமோவை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை எந்த நிறுத்தத்திலிருந்தும் நேரத்துக்கு முன்னால் வண்டியை எடுத்ததில்லை. அந்தப் பொறுமையைச் சீருடையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பார். பூஜ்யத்துக்கு மேலே ஏறியிருந்தால் தன் உழைப்பு, இறங்கியிருந்தால் வானிலை அறிவிப்பாளரின் சதி. பிறகு சவுனா என்கிற நீராவிக் குளியலறை அடுப்பின் சாம்பலை வாளியில் அள்ளிவந்து பனிமேல் தூவுவார், கறுப்பு வெயிலை இழுக்கும் என்று. கடப்பாரையால் வாசல் பனிக்கட்டியைப் பெயர்ப்பார். பாத்தியோரம் மண்டியிட்டு, பூக்கிழங்குகள் மூக்கை நீட்டிவிட்டனவா என்று விரலால் கிளறிப் பார்த்து மூடுவார். மறுநாள் திறந்து பார்ப்பார். ஆப்பிள் மரத்துப் பட்டையை நகத்தால் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று சோதிப்பார். தினம் ஒரு கீறல். இத்தனை கீறலுக்கும் தப்பி அந்த மரம் காய்க்கிறதென்றால், அதற்குப் பாராட்டு யாருக்குப் போகவேண்டும்? ஐமோவைக் கேட்டால் ஐமோவுக்குத்தான்.

பக்கத்து வீட்டு ஓலவி வேறு ரகம். அவர் வீட்டு நிழல் பக்கத்தில் ஆளுயரப் பனிக்குவியல் மே மாதம்வரை நிற்கும். அவர் படியில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்தபடி காப்பி குடிப்பார்.

"ஓலவி, அந்த மலைக்கு ஒரு பேரு வெச்சு வரைபடத்துல சேத்துடலாமே," என்பார் ஐமோ வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"சேத்துக்கோ," என்பார் ஓலவி. காப்பி ஒரு வாய்.

ஐமோவின் கை போகாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது: தெற்குச் சுவரோரம், அவர் மனைவி சிர்க்காவின் மஞ்சள் ரோஜா. அந்த ஊர்க் குளிருக்குத் தாங்காது என்று கடைக்காரரே எச்சரித்துக் கொடுத்த செடி. இதற்கு முன் வைத்த இரண்டும் குளிரில் செத்துப்போயின. இது மட்டும் போன ஆகஸ்டில் ஒரே ஒரு பூ பூத்தது. சிர்க்கா அதைப் பார்க்கத் தெருவையே கூப்பிட்டாள். இலையுதிர் காலத்தில் அடியில் மண் அணைத்து, மேலே ஊசியிலைக் கிளைகளைப் பரப்பி, அதன்மேல், கடுங்குளிர் உள்ளே இறங்காமல் காக்கும் கம்பளியாகப் பனி விழவிட்டுத் தூங்கவைத்திருந்தாள்.

"முற்றம் பூரா உன்னோடது ஐமோ. இந்த மூலை என்னோடது. பனி தானா போற வரைக்கும் கை வெக்காதே."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா சொன்னா கேக்கும்."

ஒரு வெள்ளிக்கிழமை சிர்க்கா தாம்பரே நகரத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் கிளம்பினாள். பேருந்து திருப்பத்தைத் தாண்டியிருக்குமோ என்னவோ, ஐமோ அந்த மூலைக்கு வந்துவிட்டார். முற்றம் முழுவதும் தரை தெரிய, இந்த ஒரு மூலை மட்டும் சவரம் செய்ய விட்டுப்போன தாடையைப்போல இருந்தால் எப்படிப் பொறுப்பது? தவிர, உள்ளே ரோஜாவுக்கு மூச்சு முட்டாதா? பனியை வாரி வெயிலில் எறிந்தார். கிளைகளை உருவினார். தண்டை நகத்தால் சுரண்டினார். பச்சை! சிர்க்கா வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று மகிழ்ந்து, உருவிய கிளைகளைச் சனிக்கிழமை சவுனா அடுப்பில் வைத்து எரித்து, சுகமாக வியர்த்துக் குளித்துவிட்டு வந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்.

குளிர் திரும்பி வருகிறது என்றார் அறிவிப்பாளர். வானம் தெளிவாக இருக்கும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி.

ஐமோ வெளியே ஓடினார். செடியை மூடுவதற்குக் கிளை இல்லை, சாம்பல்தான் இருந்தது. தெருவிலேயே முதலாவதாக அவர் வெற்றிகரமாகச் சுத்தம் செய்திருந்த முற்றத்தில், உள்ளங்கை அளவு பனி இல்லை. மனைவியின் மஞ்சள் ரோஜா மட்டும் பச்சைத் தண்டைக் காட்டிக்கொண்டு நின்றது, அவர் சுரண்டிய இடத்தில் ஈரமாக.

வெளிச்சம் மங்குவதற்குள், தள்ளுவண்டியோடு அவர் ஓலவியின் படியருகே போய் நின்றார்.

"ஓலவி."

"ம்."

"கொஞ்சம் பனி வேணும்."

ஓலவி கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கோப்பையைக் கீழே வைப்பது அபூர்வம்.

"எதுக்கு?"

"ரோஜாவுக்கு."

ஓலவி வேலிக்கு மேலாக அந்த மூலையைப் பார்த்தார். ஐமோவைப் பார்த்தார். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை.

"சிர்க்கா எப்ப வரா?"

"நாளைக்கு."

"அடியில இருக்கறது ஜனவரிப் பனி, கெட்டி. செடிக்கு ஆகாது. மேலாப்ல இருக்கறதை எடுத்துக்கோ. மலையோட உச்சியை மட்டும் விட்டுவை. வரைபடத்துல வரணுமில்ல?"

ஐமோ வண்டி வண்டியாகத் தள்ளினார். ஈரத் தரையில் சக்கரம் புதைந்தது. கடைசி வண்டியை ஓலவியே தள்ளிவந்து, செடியைச் சுற்றிக் கையால் மெதுவாக அணைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை சிர்க்கா வாசலில் பையை வைத்துவிட்டு நின்றாள். முற்றம் முழுக்கப் பழுப்புத் தரை. மூலையில் மட்டும், போகும்போது இருந்ததைவிட உயரமான வெள்ளைக் கோபுரம். வேலியிலிருந்து அதுவரை சக்கரத் தடம்.

"இது நம்ம பனி இல்லையே."

"பனியில என்ன நம்மது, அடுத்தவங்களது?"

"நம்மது சாம்பலடிச்சுக் கறுப்பா இருக்கும்," என்றாள் சிர்க்கா. அவ்வளவுதான் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தப் பனி தன் இஷ்டத்துக்கு உருகியது. ஐமோ தினமும் பத்தடி தூரத்தில், கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்று பார்த்தார். தண்டின் மேல்பகுதி கறுத்துப்போயிருந்தது. மே மாதத்தில் ஒருநாள் சிர்க்கா குனிந்து பார்த்து, வெகுநேரம் குனிந்தபடியே இருந்துவிட்டு நிமிர்ந்தாள். அடியில், மண்ணை ஒட்டி, அரிசிமணி அளவில் சிவப்பாக ஒரு முளை.

"ஓலவி," என்று வேலிப் பக்கம் கூப்பிட்டாள். "வந்து பாரு. ஐமோ, நீ போய் அவனுக்குக் காப்பி கொண்டா."

காப்பி வந்தது. கோப்பையைக் கொடுத்ததும் ஐமோவின் சுட்டுவிரல் தானாக அந்த முளையை நோக்கி நீண்டது. இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"தொடாதே."

பனியையே பார்க்காத ஊரில் இருக்கிற நமக்கென்ன என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உறைக்கு ஊற்றிய பாலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து அதை நீர்த்துப்போக வைத்தது யார்? இட்லிச் சட்டியை இரண்டு நிமிடத்துக்கொருமுறை திறந்தது யார்? அதுவும் இல்லை என்றால் சரி, கடைசியாக ஒன்று: வைக்கோலுக்குள் பழுக்கவைத்த மாங்காய் பத்திரமாக இருக்கிறதல்லவா? சந்தோஷம். எதற்கும் உங்கள் கட்டைவிரலை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.